சீர்காழிக்காரரும் 24 ஸ்லாட் டேப் லைப்ரரியும்

போன கோடை விடுமுறையில் கோட்டூர்புரத்தில் ஒரு சின்ன அலுவலகத்தில் இன்டர்ன்ஷிப். சர்வர் ரூம் வேலைன்னு சொன்னாங்க. கிளவுட், கன்டெய்னர் அது இதுன்னு ஏகப்பட்ட கனவோட போனேன். முதல் நாளே என்னைக் கொண்டுபோய் நிறுத்தினது ரேக்கோட அடிப்பக்கம் இருந்த ஒரு கறுப்புப் பெட்டி முன்னாடி. முகப்பில் ரெண்டு விரல் அகலத்துக்கு ஒரு திரை, நாலு பட்டன், நாலு குட்டி விளக்கு. அவ்வளவுதான். டேப் லைப்ரரியாம். இந்தக் காலத்துல டேப்பான்னு நீங்க இப்ப கேக்கறதைத்தான் அன்னிக்கு நானும் கேட்டேன்.

பதில் ரொம்ப எளிமையா வந்துச்சு. உள்ளே இருக்கற எல்டிஓ-8 கார்ட்ரிட்ஜ் ஒண்ணு உள்ளங்கையில அடங்கிடும். அரை அங்குல அகலத்தில் 960 மீட்டர் நாடா, 12 டெராபைட். ஸ்லாட்ல சும்மா கிடக்கறப்போ அதுக்குக் கரண்ட் வேண்டாம். வெளியே எடுத்துப் பீரோவில் வெச்சுட்டா எந்த ரான்சம்வேரும் அதைத் தொட முடியாது. நெட்வொர்க்கே இல்லாத இடத்துக்கு ஹேக்கர் எப்படி வருவான்?

இந்தக் கட்டுரை டேப்பைப் பத்தினது மட்டும் இல்லை. அந்தப் பெட்டி எனக்கு ஒரு மனுஷரை அறிமுகப்படுத்துச்சு. அவர் 1972-லேயே இறந்துட்டார். டேப் லைப்ரரியை அவர் பார்த்ததே கிடையாது. ஆனா அந்த ரெண்டு மாசத்துல அந்தப் பெட்டியை எனக்குப் புரிய வெச்சவர் அவர்தான். எஸ்.ஆர்.ரங்கநாதன். பொது அறிவுப் புத்தகத்துல இந்திய நூலக அறிவியலின் தந்தைன்னு ஒரு வரியில படிச்சு மார்க் வாங்கிட்டு மறந்திருப்போமே, அவரேதான்.

முதல்ல பெட்டியைச் சொல்லிடறேன். உள்ளே இடமும் வலமுமா ரெண்டு மேகசின். ஒவ்வொண்ணுலயும் 12 ஸ்லாட், மொத்தம் 24. பின்பக்கம் டேப்பைப் படிக்கற, எழுதற டிரைவ். நடுவுல ஒரு சின்ன ரோபோ. ஸ்லாட்ல இருந்து டேப்பை எடுத்து டிரைவ்ல போடறது, வேலை முடிஞ்சதும் எடுத்த இடத்துலயே திருப்பி வைக்கறது, இதான் அதோட ஆயுசு முழுக்க வேலை. நாலு பட்டன்ல ரெண்டு மெனுவில் முன்னே பின்னே போக, ஒண்ணு ரத்து செய்ய, ஒண்ணு சரின்னு சொல்ல. விளக்குகள்ல ஒண்ணு தயார்னு எரியும். ஒண்ணு டிரைவோட தலையைச் சுத்தம் பண்ணுன்னு கேக்கும். ஒண்ணு ஏதோ ஒரு டேப் சரியில்லைன்னு எச்சரிக்கும். நாலாவது எரிஞ்சா சாருக்கு போன் போடணும்.

வெளியிலிருந்து ஒரு டேப்பை உள்ளே விடணும்னா மெனுவில் திறக்கற பகுதிக்குப் போய், அஞ்சல் ஸ்லாட்டா முழு மேகசினா எதைத் திறக்கணும்னு தேர்ந்தெடுத்து, பின் நம்பர் போடணும். ரோபோ தன் இடத்துக்குப் போய் ஒதுங்கற வரைக்கும் காத்திருந்தா ஒரு கிளிக் சத்தம் வரும். அதுக்கப்புறம்தான் இழுக்கணும். முன்னாடியே பலம் காட்டி இழுக்கற ஆளுங்க ஒவ்வொரு பேட்ச்லயும் ஒருத்தர் உண்டு. எங்க பேட்ச்ல அது நான். டேப்பை வைக்கும்போது பார்கோடு ஸ்டிக்கர் ரோபோவோட கண்ணுக்குத் தெரியற பக்கமா இருக்கணும். எழுதத் தடை போடற குட்டி ஸ்விட்ச் எந்தப் பக்கம் இருக்குன்னும் பார்த்துக்கணும். மூடினதும் ரோபோ ஒவ்வொரு ஸ்லாட்டா போய் பார்கோடைப் படிச்சுக் கணக்கெடுக்கும். அது முடிஞ்சாதான் திரையில தயார்னு வரும்.

பேனல்ல இருந்தே ஒரு டேப்பை இங்கிருந்து அங்கே நகர்த்தவும் முடியும். மூணாவது ஸ்லாட்ல இருந்து டிரைவுக்கு, டிரைவ்ல இருந்து பதினேழாவது ஸ்லாட்டுக்குன்னு. முதல் வாரம் நான் இதை வெச்சு விளையாடிட்டேன். பெட்டிக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. எது எங்கே இருக்குன்னு அதுக்குத் துல்லியமாத் தெரியும். ஆனா சர்வர்ல ஓடற பேக்கப் மென்பொருளுக்கு நான் நகர்த்தினது தெரியாதே! ராத்திரி பேக்கப் தொடங்கினப்போ அது மூணாவது ஸ்லாட்ல தேடியிருக்கு, டேப்பைக் காணோம்னு வேலையை நிறுத்திடுச்சு. காலையில சார் திட்டலை. மென்பொருளை மறுபடி கணக்கெடுக்க வெச்சுட்டு, ஒண்ணே ஒண்ணு சொன்னார். இது பழைய காலத்து மூடிய நூலகம், ரோபோதான் பியூன், பியூனுக்குப் புத்தகம் எங்கே இருக்குன்னு மட்டும்தான் தெரியும்னு. மூடிய நூலகம்னா என்னன்னு எனக்குப் புரியலை. அன்னிக்குச் சாயந்திரம் காந்தி மண்டபம் சாலையில இருக்கற அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு நடந்தே போய்த் தேடினேன். அங்கேதான் ரங்கநாதன் கிடைச்சார்.

1892 ஆகஸ்ட் 12-ல், அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் சீர்காழியில் பிறந்தவர். பெயருக்கு முன்னால் இருக்கும் எஸ் அந்த ஊர்தான், ஆர் அவர் அப்பா ராமாமிர்தம். அப்பா சின்ன வயசிலேயே இறந்துவிட்டார். பையனுக்குத் திக்குவாய் வேறு. சீர்காழியில் பள்ளிப் படிப்பு, சென்னை கிறித்துவக் கல்லூரியில் கணிதம். எட்வர்ட் ராஸ் என்ற கணிதப் பேராசிரியர் அவருக்குக் கடைசிவரை குருவாக மனதில் இருந்தார். நமக்குப் பக்கத்துச் சைதாப்பேட்டையில் ஆசிரியர் பயிற்சி முடித்து, 1917-ல் மங்களூர் அரசுக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு கோயம்புத்தூர், பிறகு சென்னை மாநிலக் கல்லூரி. திக்குவாயை வென்று நல்ல வாத்தியார் என்று பெயரும் எடுத்தார்.

பெயர் எடுத்தாலும் சம்பளம் ஏறவில்லை. 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் நூலகரை நியமித்தபோது அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் ரங்கநாதன். நூலகத்தின் மேல் காதலா? அதெல்லாம் இல்லை, சம்பளம் கொஞ்சம் கூட. நேர்காணலுக்கு முன்னால் கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டுப் போனதுதான் அந்தத் துறையில் அவருக்கு இருந்த மொத்த அறிவு என்பார்கள். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு முந்தின ராத்திரி கம்பெனியோட வெப்சைட்டைப் புரட்டற நம்ம ஆளு மாதிரியேதான்.

வேலை அவருக்குப் பிடிக்கவேயில்லை. வகுப்பறையில் நூறு மாணவர்களின் முகத்தைப் பார்த்துப் பழகினவருக்கு அந்த அமைதி தாங்கவில்லை. அன்றைய பல்கலைக்கழக நூலகம் எழும்பூர் கன்னிமாரா கட்டடத்தில் ஒண்டிக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. வாசகர்கள் வருவதே அபூர்வம். மாநிலக் கல்லூரிக்கே திரும்பிப் போய் பழைய வேலையைக் கேட்டார். எப்படியும் பயிற்சிக்கு இங்கிலாந்து போகப் போகிறாய், போய்விட்டு வா, அப்போதும் பிடிக்காவிட்டால் எடுத்துக்கொள்கிறோம் என்று அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினார்கள். அந்தப் பேச்சுவார்த்தை வேறு மாதிரி முடிந்திருந்தால் நமக்கு இன்னொரு கணித வாத்தியார் கிடைத்திருப்பார், அவ்வளவுதான்.

லண்டனில் யுனிவர்சிட்டி காலேஜின் நூலகப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே பாடம் நடத்திய பெர்விக் சேயர்ஸ், குரோய்டன் நகர நூலகத்தின் தலைமை நூலகர். அவர் மூலமாக ஊர் ஊராக நூலகங்களைப் போய்ப் பார்த்தார். தொழிலாளிகளும் குழந்தைகளும் நூலகத்துக்குள் சகஜமாக நுழைகிறார்கள், அலமாரிக்கே போய்ப் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள், எடுத்துப் போகிறார்கள், யாரும் யார் நீ என்று கேட்கவில்லை. அதைப் பார்த்த பிறகு, பழைய வேலைக்குத் திரும்பும் யோசனை அவர் மனதை விட்டே போய்விட்டது.

மூடிய நூலகம்னா என்னன்னு இங்கேதான் எனக்கு விளங்குச்சு. அப்போ நம்ம ஊரில் பெரும்பாலான நூலகங்களில் வாசகர் அலமாரிப் பக்கம் போக முடியாது. சீட்டில் புத்தகப் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும், சிப்பந்தி உள்ளே போய் எடுத்து வருவார். பல இடங்களில் புத்தகத்தின் எண் என்பது அது நிற்கும் இடத்தின் எண்தான். இத்தனாவது பீரோ, இத்தனாவது தட்டு, இத்தனாவது புத்தகம். அந்த எண்ணுக்கும் உள்ளே இருக்கும் விஷயத்துக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. நடுவில் புதுப் புத்தகம் வந்தால் செருக இடமில்லை, கடைசியில்தான் போக வேண்டும். ஒரே விஷயத்தைப் பற்றிய நாலு புத்தகம் நாலு மூலையில் கிடக்கும்.

நம்ம கறுப்புப் பெட்டி அச்சு அசல் இதேதான். வாசகர் உள்ளே நுழைய முடியாது, பேனல்ல சீட்டு எழுதிக் கொடுக்கணும், ரோபோ சிப்பந்தி எடுத்து வரும். பார்கோடில் ஆறு எழுத்தும் எண்ணும், கூட எந்தத் தலைமுறை டேப்புன்னு சொல்ல ரெண்டு எழுத்து. உள்ளே இருக்கறது கல்யாண போட்டோவா, கணக்கு வழக்கா, பார்கோடுக்குத் தெரியாது.

இதைச் சரிசெய்ய மெல்வில் டியூயி என்ற அமெரிக்கர் 1876-லேயே ஒரு வழி சொல்லியிருந்தார். உலகத்து அறிவை எல்லாம் பத்துப் பெட்டியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பத்தாகப் பிரித்து, தசம எண் கொடுத்துவிட்டார். எண் இடத்தைச் சொல்லாது, விஷயத்தைச் சொல்லும். அலமாரியையே மாற்றினாலும் எண் மாறாது. ரங்கநாதன் லண்டனில் இதைப் படித்தார், மதித்தார், ஆனால் திருப்திப்படவில்லை. ஒரு புத்தகம் ரெண்டு மூணு விஷயத்தைச் சேர்த்துப் பேசினால்? எதிர்காலத்தில் புதுத் துறை ஒன்று முளைத்தால்? முன்கூட்டியே எல்லாக் கிளையையும் ஒருவரே பட்டியல் போட்டுவிட முடியும் என்பதை அந்தக் கணிதக்காரர் மனம் ஒப்புக்கொள்ளவில்லை.

விடை கிடைத்தது ஒரு பொம்மைக் கடையில். லண்டன் செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ செட்டை வைத்து ஒருவர் செய்து காட்டிக்கொண்டிருந்தார். ஓட்டை போட்ட இரும்புப் பட்டை, சக்கரம், கம்பி, நட்டு, போல்ட்டு. அதே துண்டுகளில் ஒரு தடவை கிரேன், இன்னொரு தடவை வண்டி. ரங்கநாதனுக்குப் பொறி தட்டியது. பொம்மைகளைப் பட்டியல் போடாதே, துண்டுகளைப் பட்டியல் போடு, சேர்க்க ஒரு போல்ட்டு கொடு. அவர் தேர்ந்தெடுத்த போல்ட்டு முக்காற்புள்ளி. கோலன் பகுப்புமுறை என்று பெயர் வந்தது அதனால்தான்.

மெக்கானிக்கல் நண்பர்கள் இந்த இடத்தில் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். ஆனால் கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்களுக்குத்தான் இதில் பங்கு அதிகம். இந்தியாவில் 1950-ல் நுரையீரல் காசநோயை எக்ஸ்ரே கதிரால் குணப்படுத்துவது பற்றி நடந்த ஆராய்ச்சி. இது அவருடைய முறையை விளக்க வழக்கமாகச் சொல்லும் உதாரணம். மருத்துவத்துக்கு ஓர் எழுத்து, நுரையீரலுக்கு 45, காசநோய்க்கு 421, சிகிச்சைக்கு 6, எக்ஸ்ரேவுக்கு 253, இந்தியாவுக்கு 44, காலத்துக்கு ஒரு குறியீடு, நடுநடுவே நிறுத்தற்குறிகள். யாரும் முன்கூட்டியே இந்தத் தலைப்பைப் பட்டியலில் எழுதி வைக்கவில்லை. துண்டுகளிலிருந்து கட்டிக்கொள்ளலாம். பின்னாளில் அவர் இதை அஞ்சு அச்சாகச் சுருக்கினார். எதைப் பற்றியது, எந்தப் பொருளால் ஆனது, என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம். வெக்டர்னு சொன்னா நமக்கு டக்குன்னு புரியும். ஆன்லைன்ல செருப்பு வாங்கறப்போ ஓரத்துல பிராண்ட், சைஸ், நிறம், விலைன்னு டிக் அடிச்சு வடிகட்டறோமே, அந்தச் சிந்தனையோட மூதாதை இதுதான். 1950-களில் லண்டனில் பகுப்பாய்வு ஆராய்ச்சிக் குழு ஒன்று அவருடைய முறையைக் கையில் எடுத்தது. அது அங்கிருந்துதான் தகவல் தேடல் துறைக்குள் பரவியது.

1925-ல் சென்னை திரும்பினார். அடுத்த இருபது வருஷம் அவருக்கு நூலகம்தான் வீடு. விடுப்பே எடுக்கவில்லை, ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வேலை, கல்யாணம் முடிந்த கையோடு மத்தியானம் வேலைக்கு வந்துவிட்டார் என்றெல்லாம் அவரைப் பற்றிச் சொல்வார்கள். எனக்கு இதில் பெரிய மரியாதை வரவில்லை. அந்த சாரதா அம்மாளிடம் யாராவது கேட்டுப் பார்த்தார்களா? ஆனால் அந்த உழைப்பில் என்ன நடந்தது என்பதை ஒதுக்க முடியாது. அலமாரிகளை வாசகர்களுக்குத் திறந்துவிட்டார். புத்தகம் தொலையும், கலைந்து போகும் என்ற பயமுறுத்தல்களைக் கண்டுகொள்ளவில்லை. திறந்திருக்கும் நேரத்தை நீட்டினார். புத்தகத்தைத் தேடி வருகிறவர் அருகில் போய் என்ன வேண்டும் என்று கேட்க ஆட்களைப் பழக்கினார். 1936-ல் மெரினாவில் நூலகத்துக்கென்றே கட்டடம் எழுந்தது. இன்றைக்கும் சேப்பாக்கம் போனால் பார்க்கலாம்.

நூலகம் நகரத்தோடு நின்றுவிடவும் இல்லை. 1928-ல் சென்னை நூலகச் சங்கம். அதே வருஷக் கடைசியில் சிதம்பரத்தில் ஆசிரியர்கள் முன்னால் பேசிய உரைகளில் தன் அஞ்சு விதிகளை வெளியிட்டார். 1931-ல் அது புத்தகமானது. விதிகளை இங்கே ஒப்பிக்கப் போவதில்லை. சாரம் இதுதான்: புத்தகம் பூட்டி வைக்க இல்லை, எவருக்கும் ஏற்ற புத்தகம் உண்டு, எந்தப் புத்தகத்துக்கும் ஒரு வாசகர் எங்கோ உண்டு, வந்தவரைக் காக்க வைக்காதே, நூலகம் வளர்ந்துகொண்டேதான் இருக்கும். அதே 1931 அக்டோபரில் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நடமாடும் நூலகம் ஒன்றைக் கிளப்பினார். புத்தகங்கள் ஊர் ஊராகப் போய் வாசகரைத் தேடின. மூடிய அலமாரி முன்னால் சீட்டோடு நின்ற காலத்திலிருந்து இது எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள்.

1933-ல் கோலன் பகுப்புமுறை அச்சானது. ஓர் இன்ஜினியரிங் மாணவனாக எனக்கு அவர் மேல் ஒரு குறை உண்டு. ஒவ்வொரு பதிப்பிலும் எதையாவது மாற்றிக்கொண்டே இருந்தார். முதல் பதிப்பில் எல்லாவற்றுக்கும் முக்காற்புள்ளி ஒன்றே இணைப்பு. பின்னால் காற்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம் வேலைக்கு வந்தன. கோட்பாடாகப் பார்த்தால் ஒவ்வொரு மாற்றமும் சரிதான். ஆனால் முப்பதாயிரம் புத்தக முதுகில் பழைய எண்ணை ஒட்டி வைத்திருக்கும் ஒரு கல்லூரி நூலகர் என்ன செய்வார்? அவருடைய முறை உலகம் முழுக்கப் புகழப்பட்டும் டியூயி அளவுக்குப் புழங்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். டேப்பிலும் இதே கதை உண்டு. எல்டிஓ-7 டிரைவ் வரைக்கும் ரெண்டு தலைமுறை பழைய டேப்பைப் படிக்கும். எல்டிஓ-8 ஒரு தலைமுறைதான் படிக்கும். எங்க பீரோவில் கிடந்த சில எல்டிஓ-6 டேப்புகளைப் படிக்க அந்த அலுவலகத்தில் டிரைவே இல்லை. நாடா நல்லாத்தான் இருக்கு, படிக்கக் கண் இல்லை.

1945-ல் சென்னையை விட்டு விலகினார். ராதாகிருஷ்ணன் துணைவேந்தராக இருந்த காசி இந்துப் பல்கலைக்கழகம் கூப்பிட்டது. அங்கே ஏறக்குறைய ஒரு லட்சம் புத்தகங்களை வகைப்படுத்தி அடுக்கினார். பிறகு டெல்லி. 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் நூலகத்துக்காக ஒரு மாகாணம் போட்ட முதல் சட்டம் அதுதான். கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார், பின்னால் நின்று தள்ளியவர் ரங்கநாதன். சொத்து வரியோடு ஒட்டி நூலக வரி வசூலிப்பது அந்தச் சட்டத்தில் வந்த ஏற்பாடு. நம் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு வரி இருக்கும்.

அந்தச் சட்டத்தால் பிறந்த பொது நூலகத் துறைதான் இன்றைக்கு கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தையும் நடத்துகிறது. 2010 செப்டம்பர் 15-ல் திறந்தார்கள். எட்டு ஏக்கர், ஒன்பது தளம். மறு வருஷமே அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அரசு அறிவித்ததும், சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டதும் நமக்கு முந்தின செட் அண்ணன்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கும். நான் ரங்கநாதனைப் படிச்சது அந்தக் கட்டடத்தில்தான். அலமாரியில நானே கையை விட்டு எடுத்தேன், யாரும் சீட்டு கேக்கலை.

கடைசி வருஷங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1956-ல் தன் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயை, மனைவி சாரதா பெயரும் சேர்ந்து விளங்கும்படி நூலக அறிவியல் இருக்கை ஒன்றுக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். அன்றைய ஒரு லட்சம்! 1957-ல் பத்மஸ்ரீ. 1962-ல் பெங்களூரில் இந்தியப் புள்ளியியல் கழகத்தின் கீழ் ஆவண ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தைத் தொடங்கினார். 1965-ல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர். கணிதத்தையும் விடவில்லை, 1967-ல் ராமானுஜன் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1972 செப்டம்பர் 27-ல் பெங்களூரில் இறந்தார். மறு வருஷம், 1973-ல், நம் ஐஐடி மெட்ராசுக்கு ஐபிஎம் 370 வந்தது. அந்த மாதிரி மெயின்பிரேம்களில் டேப் என்றால் பெரிய வட்ட ரீல், கையால் எடுத்து மாட்ட வேண்டும். எந்த ரீல் எங்கே, உள்ளே என்ன என்று கணக்கு வைக்கும் ஆளுக்குப் பல நாடுகளில் டேப் லைப்ரரியன் என்றுதான் பதவிப் பெயர். அந்த மனுஷரோட பாதி வேலையைத்தான் பின்னாடி ரோபோ வாங்கிக்கிச்சு.

மீதிப் பாதி என்னன்னு ஜூன் கடைசியில தெரிஞ்சுது. பேக்கப் சர்வரோட டிஸ்க் ஒரு வெள்ளிக்கிழமை செத்துப்போச்சு. எந்தக் கோப்பு எந்த டேப்பில் எந்தத் தேதியில் போச்சுன்னு சொல்ற கேட்டலாக் அதுக்குள்ளதான் இருந்துச்சு. அந்தக் கேட்டலாக்குக்குத் தனியா பேக்கப் இல்லை. சரியா அந்த நேரம் பார்த்து, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி முடிஞ்ச ஒரு சர்வே வேலையோட மூலக் கோப்புகள் அவசரமா வேணும்னு கேட்டாங்க. செவ்வாய்க்கிழமைக்குள்ள கொடுக்கலைன்னா அந்த வேலைக்குப் பணம் வராதாம்.

பேனலுக்கு முன்னாடி போய் உட்கார்ந்தேன். கணக்கெடுப்பு ஓட்டினேன். 24 ஸ்லாட்டையும் ரோபோ அழகாப் படிச்சுக் காட்டுச்சு. முதல் ஸ்லாட்டில் இந்த எண், ரெண்டாவதில் அந்த எண். தயார் விளக்கு பச்சையா எரியுது. பெட்டியைப் பொறுத்தவரை ஒரு குறையும் இல்லை. ஆனா எந்த டேப்புக்குள்ள சர்வே இருக்குன்னு அதுகிட்ட எப்படிக் கேக்கறது? பீரோவில் வேற அறுபது சொச்சம் டேப். ஒவ்வொண்ணையும் டிரைவ்ல போட்டு முழுசாப் படிச்சுப் பட்டியல் எடுக்கலாம், ஆனா நிரம்பின ஒரு டேப்புக்கே பல மணி நேரம் ஆகும். 84 டேப்புக்குக் கணக்குப் போட்டோம். செவ்வாய் இல்லை, ஆடி மாசமே வந்துடும்.

சனிக்கிழமை மத்தியானம் பீரோவோட அடித்தட்டில் பழைய கேபிள்களுக்குக் கீழே ஒரு லாங் சைஸ் நோட்டு கிடைச்சுது. எனக்கு முன்னாடி அங்கே வேலை பார்த்து எப்பவோ போயிட்ட ஒரு அக்காவோடது. நீல மையில், கோடு போட்டு, ஒவ்வொரு டேப்புக்கும் ஒரு வரி. பார்கோடு எண், எந்த வேலை, எந்த மாதிரிக் கோப்பு, பேக்கப்பா நிரந்தரச் சேமிப்பா, எந்த மெஷின், எந்தத் தேதி. எண்ணை விட்டுட்டுப் பார்த்தா அஞ்சு கட்டம். ரங்கநாதனை அவங்க படிச்சிருக்க வாய்ப்பே இல்லை. தேடி வரப்போற ஒருத்தர் என்னென்ன கேப்பார்னு மட்டும் யோசிச்சிருக்காங்க.

பதினோராம் பக்கத்தில் சர்வே இருந்துச்சு, ரெண்டு டேப். ரெண்டும் பீரோவிலேயே. மெனுவைத் திறந்தேன், அஞ்சல் ஸ்லாட், பின் நம்பர், கிளிக் சத்தத்துக்குப் பொறுமையாக் காத்திருந்தேன். எழுதத் தடை ஸ்விட்ச் போட்டு, ஸ்டிக்கர் பக்கம் பார்த்து வெச்சு மூடினேன். இந்தத் தடவை பேனல்ல நகர்த்தலை, மென்பொருள் வழியாவே டிரைவுக்கு அனுப்பினோம். ஞாயிறு காலையில கோப்புகள் எல்லாம் வந்துடுச்சு.

திங்கள்கிழமை முதல் வேலையா கேட்டலாக்குக்கும் தனி பேக்கப் போட ஏற்பாடு பண்ணினார் சார். நான் கடைக்குப் போய் ஒரு நீல பேனா வாங்கிட்டு வந்தேன். நோட்டில் அக்காவோட கடைசி வரிக்கும் அன்னிக்கும் நடுவுல ஒன்றரை வருஷ இடைவெளி. இன்டர்ன்ஷிப் முடியறதுக்குள்ள 31 டேப் எழுதிட்டேன். மிச்சம் இருக்கறதை எழுத, டிசம்பர் லீவுல வரச் சொல்லியிருக்காங்க.